காவிரிக் காடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

பண்டைத் தமிழர் நிலத்தை நானிலம் எனப் பகுத்தனர். குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு, மருதத்திற்கு வயல், நெய்தலுக்குக் கடற்கரை என நான்கிற்கும் இடம் உண்டு. பாலைக்கு மட்டும் தனி நிலம் இல்லை. தொல்காப்பியர் அதற்கு நிலம் வகுக்காது விட்டார். அதன் காரணத்தை நாம் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் காண்கிறோம். காடும் மலையும் தம் வளத்தை இழந்து வறளும்போது கொள்ளும் கோலமே பாலை என்பது அக்காதை தரும் விளக்கம். பாலை என்பது படைக்கப்பட்ட நிலம் அன்று, கெட்டுப்போன நிலம். இக்கருத்து இன்று நம்மை அச்சத்தோடு எண்ணவைக்கிறது.

2023ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அதனை அடுத்து வந்த 2024ஆம் ஆண்டின் கோடையில் பெங்களூர் மாநகரில் வாழும் நாம் குடங்களோடு தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றோம். அரசின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வற்றின. காவிரி நீர் வரும் பகுதிகள் ஒருவாறு தப்பின. வாராத பகுதிகள் தவித்தன. இந்நகருக்குக் காவிரி 1974ஆம் ஆண்டிலிருந்து வருகின்றது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்திற்கு எந்திரங்களால் ஏற்றப்பட்டு அது நம் வீட்டுக் குழாயை அடைகின்றது. குழாயைத் திறக்கும்போது நாம் அணையை நினைப்பதுண்டு. அணை நிறைந்ததா என்று நாளிதழில் பார்ப்பதுண்டு. அணைக்கு அப்பால் உள்ள காட்டை நினைப்பவர் நம்முள் எத்தனை பேர்?

காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றுகின்றது. அதனோடு திருமகூடலில் கலக்கும் கபினி, வயநாட்டுக் காடுகளின் மகள். பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் நடுவே ஓடும் மோயாறு நீலமலையில் பிறந்து பவானியில் சேர்ந்து, பவானி வழியே காவிரியை அடைகின்றது. ஆகவே குடகு, வயநாடு, நீலமலை, பந்திப்பூர், பிளிகிரி ரங்கன் மலை ஆகிய இக்காடுகளையெல்லாம் காவிரிக் காடுகள் என ஒரு பெயரால் அழைப்பதில் தவறில்லை. கடந்த இருநூறு ஆண்டுகளில் இக்காடுகளை ஆண்டவர்கள் எவ்வாறு பேணினர், எங்கே தவறினர், வெப்பம் மிகுந்துவரும் இக்காலத்தில் இனி எவ்வாறு பேண வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மரத்திற்காகக் காடு

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் காடு என்பது மரக்கிடங்காகவே கருதப்பட்டது. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். மலபார்க் கரையின் தேக்கு அதற்கு மிக ஏற்றது. வெட்டிக்கொண்டே சென்றதில் தேக்கு அருகியது. அப்போது மலபார் மாவட்ட ஆட்சியராக இருந்த கனோலி, 1840களில் நிலம்பூரில் தேக்கை விதைத்து வளர்க்க முனைந்தார். முதல் முயற்சிகளில் விதை முளைக்கவில்லை. அவரிடம் பணியாற்றிய சாத்து மேனோன் என்பவரே விதையை முளைக்கவைக்கும் வழியைக் கண்டு தோட்டத்தை உருவாக்கினார். உலகின் பழமையான தேக்குத் தோட்டம் அதுவே என்பர்.

அடுத்து வந்தது இருப்புப்பாதை. 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் புகைவண்டி புறப்பட்டது. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு நிலையம் வரை பாதை திறக்கப்பட்டது. நம் முன்னோருள் பலர் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்ததும் இப்பாதையின் வழியேதான். அப்பாதையின் அடியில் கிடந்தவை காட்டு மரக் கட்டைகள். அவ்வண்டியின் உலையில் எரிந்ததும் பெரும்பாலும் காட்டு விறகே. கோலார் தங்கவயலில் நம்மவர் சுரங்கத்துள் இறங்கியபோது அங்கிருந்த எந்திரங்களுக்கும் விறகும் நிலக்கரியும் வேண்டியிருந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபின்னரே அத்தேவை தணிந்தது. காடு அழிந்ததில் நமக்குப் பங்கே இல்லை என்று கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது.

இவ்வழிவைக் கண்டு முதலில் குரல் எழுப்பியவர்களுள் ஒருவர் மருத்துவர் ஹியூ கிளெக்கார்ன். இவர் 1820இல் சென்னையில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று திரும்பி, மைசூர்ச் சீமையில் சிமோகாவில் பணியாற்றியபோது மலைக்காடுகள் குறைவதை நேரில் கண்டார். வெப்பமண்டலக் காடுகள் அழிவதால் விளையும் கேடுகளைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை அளிக்குமாறு பிரித்தானிய அறிவியல் கழகம் ஒரு குழுவை அமைத்தது. 1851இல் வெளிவந்த அவ்வறிக்கையை ஆக்குவதில் கிளெக்கார்னே முதன்மையாக நின்றார். காடு குறைந்தால் நீரும் குறையும், மண்ணும் போகும் என்னும் அச்சம் அரசின் செவிக்கு எட்டியது. 1856இல் அவர் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். நம் லால்பாக் தோட்டம் அதே 1856இல் அரசுத் தோட்டக்கலைப் பூங்காவாக ஆனதிலும் அவர் பரிந்துரைக்குப் பங்குண்டு. லால்பாக்கில் உலாவும்போது இம்மருத்துவரை நினைப்பது நம் கடமை.

1864இல் மைசூர் அரசில் வனத்துறை தோன்றியது. அதே ஆண்டில் பிராந்திஸ் என்னும் செருமானிய அறிஞர் இந்தியக் காடுகளின் தலைமை அலுவலரானார். 1865, 1878ஆம் ஆண்டுகளில் இந்திய வனச் சட்டங்களும், 1882இல் சென்னை வனச் சட்டமும் வந்தன. இவற்றால் காடுகளின் எல்லை வரையறுக்கப்பட்டது. கண்மூடி வெட்டுதல் குறைந்தது. இது நன்மை. ஆயினும் இரு தீமைகள் உடன் வந்தன. முதலாவது, விலைபோகும் மரமே மரம், மற்றவை களை என்னும் எண்ணம். பல்வகை மரங்கள் நின்ற இடத்தில் தேக்கு மட்டும் வரிசை வரிசையாக நின்றது. இரண்டாவது, காட்டில் வாழ்ந்த மக்கள் காட்டின் பகைவர் என்னும் எண்ணம். குறிஞ்சி நிலத்தில் புனம் எரித்துத் தினை விதைத்த வாழ்வை நம் இலக்கியம் பாடியது. மேற்குமலையில் 'குமரி' எனப்பட்ட அதே வேளாண்மையைக் கிளெக்கார்ன் உள்ளிட்டோர் கடிந்தனர், அது தடுக்கப்பட்டது. காட்டை நன்கு அறிந்தவர் காட்டிற்கு அயலாராயினர்.

ஒரே மரம் நட்டதன் பயனை அக்கலை பிறந்த செருமனியே இன்று அனுபவிக்கின்றது. அங்கே இருநூறு ஆண்டுகளாக ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை வரிசையாக நட்டு வளர்த்தனர். 2018இல் தொடங்கி மூன்று ஆண்டுகள் வறட்சியும் வெப்பமும் தாக்கின. நீரின்றி நலிந்த மரங்களைப் பட்டை வண்டு துளைத்தது. ஹார்ஸ் மலையில் கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள் பட்டுப்போய் நின்றன. ஒரே இனம் நிற்கும் காட்டில் ஒரு பகை வந்தால் யாவும் வீழும். பல இனம் நிற்கும் காட்டில் ஒன்று வீழினும் மற்றொன்று நிற்கும். அடிபட்டும் மீண்டெழும் இவ்வாற்றலை அறிஞர் மீள்திறன் என்பர். செருமானியரும் இன்று பல்வகை மரங்களைக் கலந்து நடத் தொடங்கியுள்ளனர்.

நீலமலையின் புல்வெளி

காடு என்றதும் நமக்கு மரமே தோன்றும். நீலமலையின் உச்சி அவ்வாறு அமைந்ததன்று. மலை மடிப்புகளில், ஓடையின் கரைகளில் குட்டையான அடர்ந்த சோலைகள். அவற்றைச் சுற்றி மேடெல்லாம் புல்வெளி. இதுவே அதன் இயற்கை. பனியையும் மழையையும் இப்புல்வெளி பஞ்சுபோல் வாங்கிச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றது. கோடையிலும் மோயாறும் பவானியும் முற்ற வற்றாமல் ஓடுவதில் அதற்குப் பங்குண்டு.

ஆங்கிலேயர் கண்ணுக்கு அப்புல்வெளி வெற்றிடமாகத் தெரிந்தது. உதகையின் குளிருக்கு விறகு வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆத்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூரத் தைல மரத்தையும் கொண்டுவந்தனர். விடுதலைக்குப்பின் நம் அரசினரும் அதே வழியில் சென்றனர். தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டிழை ஆக்கத் தைல மரக் கூழும் வேண்டும் என்று பல்லாயிரம் ஏக்கர்ப் புல்வெளியில் அயல் மரங்களை நட்டனர். மரம் நடுவது அறம் அல்லவா என்று நாம் கேட்கலாம். விடையை நீலமலையிலேயே கண்டனர்.

உதகையில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் க்ளென்மார்கன் என்னும் இடத்தில் அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தனர். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டனர். மற்றொன்றின் பெரும்பகுதியில் 1972இல் தைல மரம் நட்டனர். இரண்டிலிருந்தும் வரும் ஓடை நீரை ஆண்டுதோறும் அளந்தனர். பத்து ஆண்டுகளில் தைல மரம் நின்ற பகுதியின் நீர் வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றிலோ குறைவு ஏறத்தாழ 25 விழுக்காட்டை எட்டியது. வேரால் உறிஞ்சி இலையால் வானுக்கு விட்டது போக எஞ்சியதே ஓடைக்குக் கிடைத்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் பெரிது. மரத்தின் எண்ணிக்கை காட்டின் நலத்தை அளக்கும் கோல் அன்று. எவ்விடத்தில் எது இயல்போ அதுவே அங்கே காடு. புல்வெளி நிற்க வேண்டிய இடத்தில் நட்ட மரமும் ஒருவகையில் காட்டை அழித்ததே ஆகும். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைகளையடுத்துத் தமிழ்நாட்டு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சீகையை நீக்கிப் புல்லை மீட்கும் பணி நீலமலையில் நடைபெறுகின்றது. நூறாண்டுத் தவற்றைத் திருத்த ஒரு தலைமுறையாவது ஆகும். சீகையை வெட்டினால் மட்டும் போதாது. மண்ணில் கிடக்கும் அதன் விதை ஆண்டுதோறும் முளைக்கும். ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும்.

தீயும் உண்ணிச்செடியும்

1931இல் மைசூர் மன்னர் பந்திப்பூரில் வேணுகோபால விலங்குப் பூங்காவை அமைத்தார். 1940இல் முதுமலை சரணாலயமாயிற்று. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் நாட்டின் முதல் ஒன்பது புலிகள் காப்பகங்களுள் ஒன்றாகப் பந்திப்பூர் ஆனது. 1986இல் நீலமலை உயிர்க்கோளக் காப்பகம் இந்தியாவிலேயே முதலாவதாக அமைந்தது. மரத்திற்காகக் காடு என்ற நிலை மாறி, உயிர்களுக்காகக் காடு என்ற நிலை பிறந்தது. யானையும் புலியும் இன்று இப்பகுதியில் செழித்திருப்பது இம்மாற்றத்தின் பயனே. இதனைப் போற்றுவோம்.

ஆயினும் காட்டைப் பூட்டி வைத்தால் அது தானே நலமாக இருக்கும் என்ற எண்ணம் முற்றும் உண்மையாகவில்லை. பிளிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர் இதற்குச் சான்று. அம்மலை 1974இல் சரணாலயம் ஆயிற்று. அதற்குமுன் சோளகர் கோடையின் தொடக்கத்தில், சருகு முற்றக் காயுமுன், சிறு தீ இடுவது வழக்கம். அத்தீ தரையோடு தவழ்ந்து சருகை எரித்து அணைந்துவிடும், பெருமரத்தைத் தீண்டாது. புது முளை வெளிவரும். மானுக்குப் புல் கிடைக்கும். சரணாலயம் ஆனபின் தீ இடுவது குற்றமாயிற்று. அதன்பின் இரண்டு பகைகள் வளர்ந்தன என்று சோளகர் கூறினர். ஒன்று, நெல்லி மரத்தைப் பற்றி உறிஞ்சும் புல்லுருவி. மற்றொன்று உண்ணிச்செடி.

உண்ணிச்செடியை நாம் அனைவரும் அறிவோம். சாலையோரத்தில் வண்ண வண்ணப் பூங்கொத்தோடு நிற்கும் முட்செடி. தென்னமெரிக்க நாடுகளுக்கு உரிய இதனை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்கு அழகுக்காகக் கொண்டுவந்தனர். பறவை பழத்தை உண்டு விதையைப் பரப்பியது. இன்று நாட்டின் காடுகளில் பெரும்பரப்பை அது மூடியுள்ளது. பிளிகிரி ரங்கன் மலையில் பெங்களூரைச் சேர்ந்த அட்ரீ என்னும் ஆய்வு நிறுவனத்தார் 1997இலும் 2008இலும் கணக்கெடுத்தனர். இடைப்பட்ட 11 ஆண்டுகளில் உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் ஏறத்தாழ இருமடங்காயின. நெல்லிக்காயைச் சோளகர் மிகுதியாகப் பறிப்பதால்தான் நெல்லி அருகியது என முதலில் கருதிய அறிஞர், பின்னர் அவர்கள் சொல்லிவந்த புல்லுருவியும் உண்ணிச்செடியுமே பெருங்காரணங்கள் எனக் கண்டனர்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. சிறு தீயைத் தடுத்தோம்; பெருந்தீ நின்றதா? நிற்கவில்லை. சருகும் உண்ணிச்செடியும் புதராய்க் குவிந்தன. தீப்பற்றினால் உண்ணிச்செடி ஏணிபோல் நின்று சுடரை மரக்கிளைக்கு ஏற்றும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர்க் காடு எரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளையோர். வெப்பம் ஏற ஏறச் சருகு முன்னரே காய்கின்றது, தீக்காலம் நீள்கின்றது. இந்நிலையில் உண்ணிச்செடி மண்டிய காட்டில் பழைய சிறு தீயை அப்படியே மீண்டும் இடுவதும் ஆபத்து. முதலில் செடியை வேரோடு நீக்கிப் புல்லை மீட்டு, பின்னர் காலமறிந்து தீயை ஆள்வதே வழி. இதனை எந்த இடத்தில், எந்த வாரத்தில் செய்வது என்பதை மலைமக்களைக் கேளாமல் முடிவு செய்தல் இயலாது.

வடகன்னட மூங்கிற்காடுகள் இதற்கு மற்றொரு சான்று தருகின்றன. காகித ஆலைகளுக்கு மூங்கில் மிகக் குறைந்த விலைக்குத் தரப்பட்டது, மூங்கில் அழிந்துவந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவ் காட்கில் 1970களில் அதனை ஆராய்ந்தார். மூங்கிற்புதரின் அடியில் உள்ள முள் மூடலை வெட்டித் துப்புரவு செய்தால் புதர் நன்கு வளரும் என்பது அலுவலர் கொள்கை. அம்முள்ளே இளங்குருத்தைக் கால்நடையிடமிருந்து காக்கும் வேலி, அதை நீக்கினால் மூங்கில் குன்றும் என்பது ஊரார் கூற்று. அளந்து பார்த்தபோது ஊரார் கூற்றே மெய்யாயிற்று. ஆணை எழுதும் மேசைக்கும் மூங்கிற்புதருக்கும் இடையே உள்ள தொலைவை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

2006இல் வந்த வன உரிமைச் சட்டம் இத்தொலைவைக் குறைக்க எழுந்தது எனலாம். அதன்படி 2011இல் பிளிகிரி ரங்கன் மலைச் சோளகர் சமூகக் காட்டுரிமை பெற்றனர். புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வுரிமை பெற்ற முதல் மக்கள் அவர்களே என்பர். மாதேசுவரன் மலையில் சோளகர் உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து உரித்து நாற்காலி முதலியன செய்கின்றனர். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அதே தண்டால் ஆளுயரத்தை விஞ்சும் யானை உருவங்களைப் பின்னினர். அவை 2024இல் நம் லால்பாக்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நம் பிள்ளைகள் அருகில் நின்று வியந்து பார்த்த அவ்யானைகள் காட்டின் பகையால் ஆனவை என்பதை எத்தனை பெற்றோர் எடுத்துச் சொன்னோம்?

முதுமலையில் ஒரு பதிவேடு

அலுவலகத்தில் பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழிப்போர் நம்முள் பலர். யாமும் அவருள் ஒருவரே. ஆகவே முதுமலையில் உள்ள ஒரு பதிவேட்டைப் பற்றிக் கேள்வியுற்றபோது எமக்குத் தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தார், பேராசிரியர் இராமன் சுகுமார் வழிகாட்ட, 1988இல் முதுமலையில் ஒரு கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட 50 எக்டேர் காட்டை அளந்து குறித்தனர். அதனுள் ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள சிறு தண்டு முதல் பெருமரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் இட்டனர். 25,000க்கும் மேற்பட்ட மரங்கள் பேரேட்டில் ஏறின. எது பிறந்தது, எது இறந்தது, இறந்ததற்கு யானை காரணமா, தீ காரணமா, வறட்சி காரணமா என ஆண்டுதோறும் பதிந்தனர். நான்காண்டுக்கு ஒருமுறை பருமனை அளந்தனர். யானை மந்தையின் நடுவே, முள்ளில் நுழைந்து, பழங்குடி இளைஞரின் துணையோடு இப்பணி நடந்தது.

இப்பதிவேடு கூறுவது யாது? 1990களின் முற்பகுதியில் தீ அடிக்கடி வந்தது. இளமரங்கள் பெருந்தொகையில் மடிந்தன. பெருமரங்கள் பெரும்பாலும் நிலைத்தன. தீயில்லா ஆண்டுகள் தொடர்ந்தபோது வேரிலிருந்து மீண்டும் தளிர்த்தன. யானை விரும்பி உண்ணும் இனங்கள் குறைந்தன. வேறு இனங்கள் நின்றன. வெண்தேக்கு, மருது, தேக்கு, கொன்றை எனப் பலவும் கலந்து நின்றமையால் காடு காடாகவே இருந்தது. மீள்திறன் என்பது நூலில் மட்டும் உள்ள சொல் அன்று, எண்ணிக் காட்டக்கூடிய பொருள் என்பதை இப்பேரேடு மெய்ப்பித்தது. அதன் எல்லையையும் அது காட்டுகின்றது: இரு தீக்களுக்கு இடையே போதிய ஆண்டுகள் ஓய்வு கிடைத்தால்தான் இளமரம் பெருமரமாகும்.

இதனினும் பழைய பதிவேடு ஒன்றை அதே அறிஞர் நீலமலையின் சதுப்பு மண்ணில் கண்டனர். மக்கிய இலைகள் அடுக்கடுக்காய்ப் படிந்த அம்மண்ணில் உள்ள கரியின் வகையை ஆராய்ந்தால், அவ்விலை வறள்காலப் புல்லினதா ஈரக்காலச் செடியினதா என்று அறியலாம். 1993இல் வெளிவந்த அவ்வாய்வு ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாற்றைக் காட்டியது. வானிலை வறண்டபோது வறள்காலப் புல் பரந்தது; ஈரம் மிகுந்தபோது அது குறைந்து, ஈரத்தை விரும்பும் செடிகொடிகள் மிகுந்தன. இவ்வாறு பலமுறை மாறியும் அக்காடு அழியவில்லை. எனின் இன்று மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்? அன்று மாற்றம் ஆயிரம் ஆண்டுகளில் வந்தது. செடி மெல்ல மேலேறவும் கீழிறங்கவும் வழி திறந்திருந்தது. இன்று மாற்றம் ஒரு மனிதன் வாழ்நாளுள் வருகின்றது. மேலே தேயிலை, கீழே சாலை, நடுவே வேலி என வழி அடைபட்டுள்ளது.

மாறும் வானம்

கடந்த சில ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2018 ஆகஸ்டில் குடகில் பெருமழை. மலைச்சரிவுகள் வீடுகளோடு வீழ்ந்தன. 2019 ஆகஸ்டு 8 அன்று நீலமலையின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. 2023இல் மழைக்குறை. 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு விழுங்கியது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூடேறிய கடலும் காற்றும் மிகுந்த ஈரத்தைச் சுமக்கின்றன. பெய்தால் ஒரே நாளில் கொட்டுகின்றது. பெய்யாவிடில் மாதக்கணக்கில் ஏமாற்றுகின்றது. மழையின் அளவைவிட அதன் ஒழுங்கு கெட்டதே நமக்குப் பெருங்கேடு.

இங்கேதான் காட்டின் பணி தெரிகின்றது. நூறு நாளில் பெய்ய வேண்டியது பத்து நாளில் பெய்தால் அதனை வாங்கி வைக்கும் மண் வேண்டும். வேரும் மக்கிய சருகும் உள்ள மண் வாங்கும். வெற்றுச் சரிவு வாங்காது. மேலும், மேற்குமலைக் காடுகள் வானுக்கு விடும் ஈரம் தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டு மழைக்குக் கணிசமாக உதவுகின்றது என்றும், மழை குறைந்த ஆண்டுகளில் அவ்வுதவி மேலும் முதன்மை பெறுகின்றது என்றும் 2018இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. எனவே குடகிலும் வயநாட்டிலும் நிற்கும் மரத்தின் நலத்தை நாடுவோர் அவ்வூரார் மட்டும் அல்லர். தஞ்சைக் கழனியும் பெங்களூர்க் குழாயும் நாடுகின்றன.

இனிச் செய்ய வேண்டியவை இவ்வரலாற்றிலிருந்தே புலனாகும். ஒரே இனத் தோட்டங்களைச் சிறுகச் சிறுக நீக்கிப் பல்வகை நாட்டு மரங்களுக்கு இடம் தர வேண்டும். குடகின் காப்பித் தோட்டங்களில் நாட்டு நிழல்மரங்களை அகற்றிச் சில்வர் ஓக் நடும் போக்கு தணிய வேண்டும். புல்வெளியைப் புல்வெளியாகவும் சோலையைச் சோலையாகவும் விட வேண்டும். உண்ணிச்செடி, சீகை முதலிய அயல் செடிகளைத் தொடர்ந்து நீக்க வேண்டும். தீயை முற்ற விலக்குவதும் இன்றி, விட்டுவிடுவதும் இன்றி ஆள வேண்டும். யானையும் விதையும் நடந்துசெல்லும் வழித்தடங்கள் அறாமல் இருக்க வேண்டும். குடகின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவரக்காடுகளும் நம் ஊர்க் கோவிற்காடுகளும் கோடரி படாமல் நிற்க வேண்டும். இவை அனைத்திலும் காட்டில் வாழும் மக்கள் கூலியாட்களாக அன்றி அறிவுரையாளராக இருக்க வேண்டும்.

முடிவுரை

இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் பல ஆண்டுதோறும் உதகைக்கும் கோவைக்கும் செல்வன. பந்திப்பூர்ச் சாலை 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்படுகின்றது. திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. திருமணத்திற்கும் துக்கத்திற்கும் விரைந்து செல்ல வேண்டிய நமக்கு இவை இடையூறே. உறவினர் இறந்த செய்தி கேட்டு இரவில் புறப்பட்டு, சேலம் வழியே சுற்றிச் சென்று, முகம் காணக் கிடைக்காமல் திரும்பிய துயரம் எம் குடும்பத்திற்கும் உண்டு. அன்று மனம் கசந்தது. ஆயினும் அவ்விரவில் யானைக்கூட்டம் மோயாற்றுக்கு இறங்கும் வழி அது என்பதையும், அவ்யானை உண்டு கழித்த விதையில்தான் காட்டின் பல மரங்கள் முளைக்கின்றன என்பதையும் அறிந்தபின் அக்கசப்பு ஒருவாறு ஆறியது. காட்டுக்கு நாம் தரும் வரி அது எனக் கொள்வோம்.

இறுதியாக ஒன்று. காவிரியைப் பற்றி 1892இலும் 1924இலும் ஒப்பந்தங்கள் எழுந்தன. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றும், பெங்களூரின் குடிநீருக்குக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. என்றும் தீர்ப்பளித்தது. இவற்றினிடையே 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரில் நாம் கதவடைத்து அஞ்சியிருந்த நாட்களும் உண்டு. நம்மைத் தம் வீட்டில் வைத்துக் காத்த கன்னட அண்டை வீட்டாரும் உண்டு. ஆற்றின் கீழ்முனையில் உற்றாரும் மேல்முனையில் உலைநீருமாக வாழ்பவர் நாம். இவ்விரு பக்கத்து நீரையும் குடித்தவர் என்னும் முறையில் நமக்கு ஒரு கடமை உண்டு. எத்தனை டி.எம்.சி. யாருக்கு என்று கேட்கும் இரு மாநிலத்தாரையும் நோக்கி, அந்நீரை விளைவிக்கும் காடு எந்நிலையில் உள்ளது என்று கேட்கும் கடமையே அது. மழை ஒழுங்கு கெட்ட காலத்தில் காடும் கெட்டால் பங்கிடுவதற்கு நீரே இராது. அன்று எத்தீர்ப்பும் பயன்படாது.

அடுத்த விடுமுறையில் பந்திப்பூர் வழியே செல்லும்போது வண்டியைச் சற்று மெல்லச் செலுத்தி, நம் பிள்ளைகளுக்கு உண்ணிச்செடி எது, வெண்தேக்கு எது, மோயாறு எங்கே ஓடுகின்றது என்று காட்டுவோம். முல்லை பாலையாகாமல் காக்கும் பணி அந்த அறிமுகத்திலிருந்து தொடங்கட்டும்.